மின்வெட்டுக்கு அஞ்சாத பலகை: ராஸ்பெரி பை பிக்கோவுடன் ஓராண்டு

இலங்கை மலைநாட்டில் ஹட்டனை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றின் வாசிகசாலையில், சனிக்கிழமைப் பிற்பகல்களில், ஒன்பதாம் தரம் முதல் பதினோராம் தரம் வரை படிக்கும் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு மின்னணுவியலும் நிரலாக்கமும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அங்கே எங்களிடம் இருப்பவை நன்கொடையாக வந்த இரண்டு பழைய மேசைக்கணினிகளும் என்னுடைய மடிக்கணினியும் மட்டுமே. மேசைக்கணினிகளில் ஒன்றில் விண்டோஸ் 7-உம் மற்றதில் விண்டோஸ் 10-உம் இருக்கின்றன. யூபிஎஸ் கிடையாது. இணையம் என்றால் என் கைத்தொலைபேசியின் டேட்டாதான். அதையும் சன்னலோரம் வைத்தால்தான் சமிக்ஞை கிடைக்கும். இப்படிப்பட்ட ஓரிடத்துக்கு நுண்கட்டுப்படுத்திப் பலகை (சிறு கருவிகளை இயக்கும் குட்டிக் கணினிப் பலகை) ஒன்றைத் தெரிவுசெய்யும்போது, அதன் வேகம் எவ்வளவு, நினைவகம் எவ்வளவு என்பவற்றை இரண்டாம் இடத்தில் வைத்து, எழுதிய நிரலை அதற்குள் எவ்வளவு உறுதியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க முடிகிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். ஓராண்டாக நாங்கள் பயன்படுத்திவரும் ராஸ்பெரி பை பிக்கோவை அந்தக் கண்ணோட்டத்திலேயே இங்கு மதிப்பிடுகிறேன்.

பிக்கோ 2021 ஜனவரி 21 அன்று 4 டொலர் விலையில் வெளிவந்தது. 51 மில்லிமீற்றர் நீளமும் 21 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட இந்தச் சிறு பலகையில் ஆர்பி2040 என்னும் சிப்பு இருக்கிறது. அதில், வெளிவந்தபோது 133 மெகாஹேர்ட்ஸ் வரை இயங்குமெனக் குறிக்கப்பட்ட இரண்டு கோர்டெக்ஸ் எம்0+ செயலிக் கருக்களும் 264 கிலோபைட் தற்காலிக நினைவகமும் உள்ளன. நிரலைச் சேமிக்கும் ஃபிளாஷ் நினைவகம் 2 மெகாபைட். அது சிப்புக்கு வெளியே, பலகையின் மேல் தனிச் சில்லாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும். கொழும்பு புறக்கோட்டையில் உள்ள கடையொன்றிலிருந்து, அனுப்பும் செலவு நீங்கலாக, பலகை ஒன்று ஏறத்தாழ 2000 ரூபா வீதம் ஐந்து பலகைகள் வாங்கினேன்.

நிலைப்பொருளை, அதாவது பலகையை இயக்கும் அடிப்படை நிரலை, ஏற்றும் முறையைப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொண்டார்கள். பலகையில் பூட்செல் என்று குறிக்கப்பட்ட வெள்ளைப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்திப் பிடித்தபடியே யூஎஸ்பி கேபிளைக் கணினியில் செருகிவிட்டுப் பொத்தானை விடவேண்டும். உடனே கணினியில், பென் ட்ரைவ் செருகினால் தோன்றுவது போலவே, ஆர்பிஐ-ஆர்பி2 என்ற பெயரில் ஒரு ட்ரைவ் தோன்றும். யூஎஃப்2 வகைக் கோப்பை அதற்குள் இழுத்துப் போட்டால், சில வினாடிகளில் ட்ரைவ் மறைந்து, பலகை புதிய நிரலுடன் இயங்கத் தொடங்கும். ட்ரைவர் மென்பொருள் எதையும் நிறுவ வேண்டியதில்லை, கணினியின் நிர்வாகிக் கடவுச்சொல்லும் வேண்டியதில்லை. ஏற்றுவதற்கென்று தனிக் கருவியோ தனி மென்பொருளோகூடத் தேவைப்படுவதில்லை. பென் ட்ரைவில் பாட்டுக் கோப்பைப் பிரதிசெய்யத் தெரிந்த பிள்ளைக்கு இதுவும் தெரியும்.

முதல் வாரங்களில் அவர்கள் மீண்டும் மீண்டும் செய்த பிழை ஒன்றுதான்: கேபிளைச் செருகிய பிறகு பொத்தானை அழுத்துவது. அது ஏன் பயன்தராது என்பதை விளக்கியதும் பிழை நின்றுவிட்டது. பூட்செல் பொத்தான், ஃபிளாஷ் சில்லைத் தெரிவுசெய்யும் இணைப்பைத் தாழ்ந்த மின்னழுத்தத்துக்கு இழுக்கிறது. சிப்பு மின்சாரம் பெற்றோ மீளமைக்கப்பட்டோ விழிக்கும் அந்தக் கணத்தில் மட்டும் தன் தொடக்க நிரலின் வழியாக அந்த இணைப்பைப் பார்த்து, அது தாழ்ந்திருந்தால் ஃபிளாஷைத் தொடாமல் யூஎஸ்பி ட்ரைவாக மாறிக்கொள்கிறது. விழித்த பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் கேட்பதற்கு அங்கே ஆளில்லை.

இந்தத் தொடக்க நிரல் எங்கே இருக்கிறது என்பதுதான் இப்பலகையை நான் விரும்புவதற்கான முதற்காரணம். அது ஃபிளாஷில் இல்லை. சிப்பு தயாரிக்கப்படும்போதே அதற்குள் பொறிக்கப்பட்ட 16 கிலோபைட் வாசிப்பு மட்டும் நினைவகத்தில் இருக்கிறது. கல்வெட்டைப் போன்ற அதை அழிக்கவும் முடியாது, அதன்மேல் வேறொன்றை எழுதவும் முடியாது. பிள்ளை எந்த நிரலை ஏற்றினாலும், எவ்வளவு பிழையாக ஏற்றினாலும், அது போய்ச் சேர்வது வெளியே இருக்கும் ஃபிளாஷ் சில்லுக்குள் மட்டுமே.

இதன் பெறுமதியை ஒக்டோபர் மாதத்துப் பிற்பகல் ஒன்றில் நேரடியாகக் கண்டோம். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட அந்த மாதங்களில் மதியம் திரும்பியதும் இடியும் மின்னலும் தொடங்கிவிடுவது மலைநாட்டில் வழமை. பத்தாம் தர மாணவன் ஒருவன் பைத்தன் மொழியில் பலகைக்கு நிரல் எழுத உதவும் மைக்ரோபைத்தன் நிலைப்பொருளின் கோப்பை ட்ரைவுக்குள் போட்டு, பிரதியாகும் பட்டை பாதி நகர்ந்திருந்த வேளையில், ஒரு மின்னலோடு தோட்டம் முழுவதற்கும் மின்சாரம் போனது. இருட்டில் அவன் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "சேர், கரண்டு போயிருச்சே, போர்டு செத்துருச்சா?" மின்சாரம் திரும்ப முக்கால் மணிநேரம் ஆனது. பலகையைச் செருகினோம், ட்ரைவும் தோன்றவில்லை, வேறு எதுவும் தோன்றவில்லை. அவனுடைய முகம் வாடிவிட்டது. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி செருகச் சொன்னேன். ட்ரைவ் வந்தது. கோப்பை மீண்டும் போட்டான், பலகை இயங்கியது.

நடந்ததன் காரணத்தை அன்று மழை விடும்வரை பேசிக்கொண்டிருந்தோம். பொத்தானை அழுத்தாமல் செருகும்போது, தொடக்க நிரல் ஃபிளாஷின் முதல் 256 பைட்டுகளை வாசித்து, அவற்றின் இறுதியில் உள்ள சரிபார்ப்பு எண் பொருந்துகிறதா என்று கணக்கிடுகிறது. பொருந்தாவிட்டால் தானாகவே யூஎஸ்பி ட்ரைவாக மாறிவிடும். புதிதாக வாங்கிய வெற்றுப் பலகை பொத்தானை அழுத்தாமலே ட்ரைவாகத் தோன்றுவதும் இதனால்தான். எங்கள் பலகையிலோ முதல் துண்டு சரியாக எழுதப்பட்டு, பின்பகுதி எழுதப்படாமல் நின்றிருக்க வேண்டும். ஆகவே சரிபார்ப்பில் தேறி, அரைகுறை நிரலுக்குள் நுழைந்து, அங்கேயே உறைந்துவிட்டது. பொத்தானை அழுத்தியதும் அந்த வழியை முற்றாகத் தவிர்த்து, கல்வெட்டிலிருந்தே மீண்டும் தொடங்கிற்று. அன்றிலிருந்து இப்பிள்ளைகளில் ஒருவரும் நிரல் ஏற்றுவதற்குப் பயப்படுவதில்லை. ஒரு பலகையின் விலை வீட்டில் ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும் என்று அறிந்த பிள்ளை, அதைப் பழுதாக்கிவிடுவோமோ என்ற அச்சமில்லாமல் கைவைக்கிறது என்பதை நான் சிறிய விடயமாகக் கருதவில்லை.

யூஎஃப்2 கோப்பின் அமைப்பையும் இங்கு கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் மேற்சொன்ன எளிமை முழுவதும் அதிலிருந்தே பிறக்கிறது. இது மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தன்னுடைய மேக்கோட் கற்பித்தல் தளத்துக்காக உருவாக்கிய வடிவம். கோப்பு முழுவதும் 512 பைட் கொண்ட துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டின் தலைப்பகுதியிலும் அது ஃபிளாஷில் எந்த முகவரிக்குப் போகவேண்டும், அது எத்தனையாவது துண்டு, மொத்தம் எத்தனை துண்டுகள், எந்தச் சிப்புக் குடும்பத்துக்கு உரியது என்னும் விவரங்கள் எழுதப்பட்டிருக்கும். சாதாரண தரப் பரீட்சையில் ஒவ்வொரு விடைத்தாளிலும் சுட்டெண்ணை எழுதச் சொல்வதை நினைத்துக்கொள்ளுமாறு பிள்ளைகளிடம் சொன்னேன். கட்டு அவிழ்ந்து தாள்கள் கலைந்தாலும் எந்தத் தாள் யாருடையது என்பதில் குழப்பம் வராது. கணினி ஒரு வட்டில் எழுதும்போது 512 பைட் கூறுகளைத் தன் விருப்பப்படி எந்த வரிசையிலும் அனுப்பலாம். நடுவே தன்னுடைய மறைகோப்புகளையும் சேர்த்து அனுப்பலாம். பலகை ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள அடையாள எண்களைப் பார்த்து, உரியதை மட்டும் உரிய இடத்தில் எழுதிக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறது. கடைசித் துண்டும் சேர்ந்ததும் தானே மறுதொடக்கம் செய்துகொள்கிறது.

ஆகவே திரையில் தோன்றும் ட்ரைவ் உண்மையான ட்ரைவ் அன்று. கணினியின் கண்ணுக்குக் கட்டப்பட்ட ஒரு தோற்றம். அது தன்னுடைய கொள்ளளவை 128 மெகாபைட் என்று காட்டும். "இவ்வளவு இடம் இருக்கே" என்று மகிழ்ந்து அதில் படங்களைச் சேமிக்க முயன்ற ஒரு சிறுமிக்கு, அவை எங்கும் சேமிக்கப்படவில்லை என்பதைப் புரியவைக்க வேண்டியிருந்தது. மேலும், ஆர்பி2040-க்குரிய கோப்புகளில் ஒரு 512 பைட் துண்டு 256 பைட் நிரலை மட்டுமே சுமக்கிறது. அதனால் கோப்பின் அளவு உண்மையான நிரலைப்போல் இரு மடங்காக இருக்கும். அளவைப் பார்த்து, 2 மெகாபைட் ஃபிளாஷில் இது அடங்காது என்று எண்ணிவிடக் கூடாது. ஏற்றி முடிந்ததும் ட்ரைவ் திடீரென்று மறைவதைக் கண்டு, முறையாக வெளியேற்றாமல் அகற்றிவிட்டீர்கள் என்று சில இயங்குதளங்கள் எச்சரிக்கை காட்டுவதுண்டு. அது பிழையன்று, நிரல் சரியாகச் சென்று சேர்ந்ததற்கான அறிகுறி.

இதற்கு முன் மூன்று ஆண்டுகள் ஆர்டுயினோ வகை நுண்கட்டுப்படுத்திப் பலகைகளான ஊனோவின் மலிவான பிரதிகளையும் நானோவின் பிரதிகளையும் பயன்படுத்தினேன். அவற்றைக் குறைகூறும் எண்ணம் எனக்கில்லை. 5 வோல்ட்டில் இயங்கும், முரட்டுத்தனமான கைகளையும் தாங்கும் அந்தப் பலகைகளில்தான் நானே கற்றேன். ஆனால் பிரதிப் பலகைகளில் பெரும்பாலும் சிஎச்340 என்னும் யூஎஸ்பி சில்லு இருக்கும், பழைய விண்டோஸில் அதற்கு ட்ரைவர் நிறுவ நிர்வாகிக் கடவுச்சொல் வேண்டும். நன்கொடையாக வந்த கணினியின் கடவுச்சொல்லை, அக்கணினியைக் கொடுத்தவரே மறந்திருந்தார். நானோவில் பழைய தொடக்க நிரல் இருந்தால் 57,600 பாட் (தொடர் இணைப்பில் தரவு செல்லும் வேகத்தின் அலகு) வேகத்திலும், புதியது இருந்தால் 115,200 பாட் வேகத்திலும் பேசவேண்டும். எது இருக்கிறதென்று பலகையைப் பார்த்து அறிய வழியில்லாததால், ஆர்டுயினோ மெனுவில் ஒன்றை மாற்றி மற்றொன்றைத் தெரிவுசெய்து முயன்றுபார்ப்பதிலேயே பாடநேரம் கரைந்தது. அட்டைனி85 சில்லுள்ள டிஜிஸ்பார்க் வகைப் பலகைகளும் சில வாங்கினேன். அவற்றில் 8 கிலோபைட் ஃபிளாஷில் ஏறத்தாழ 2 கிலோபைட்டைத் தொடக்க நிரலே எடுத்துக்கொள்கிறது. யூஎஸ்பி தொடர்பை மென்பொருளாலேயே போலச்செய்வதால் எல்லாக் கணினித் துளைகளிலும் அது நம்பகமாக வேலைசெய்யவும் இல்லை. தொடக்க நிரல் பயனருடைய ஃபிளாஷிலேயே குடியிருக்கும் இவ்வகைப் பலகைகளில், அது கெட்டுவிட்டால் வேறொரு நிரலேற்றிக் கருவி இல்லாமல் மீட்க முடியாது. ஹட்டனில் அப்படியொரு கருவியை இரவல் கேட்க எனக்கு ஆள் தெரியாது.

பிக்கோவிலும் சிக்கல்கள் உண்டு. அவற்றில் முதலாவது பலகையைச் சேர்ந்ததே அன்று, கேபிளைச் சேர்ந்தது. கைத்தொலைபேசிக் கடைகளில் கிடைக்கும் மலிவான மைக்ரோ யூஎஸ்பி கேபிள்கள் பலவற்றில் மின்சாரத்துக்குரிய இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவுக்குரிய மற்ற இரண்டு இருக்காது. அத்தகைய கேபிளால் பலகைக்கு மின்சாரம் போகும், அதில் ஏற்கெனவே உள்ள நிரல் இயங்கி விளக்கும் மினுக்கும், ஆனால் ட்ரைவ் ஒருபோதும் தோன்றாது. நான் வாங்கிய ஆறு கேபிள்களில் நான்கு அப்படிப்பட்டவை. கடைக்காரரிடம் திரும்பக் கொடுக்கவும் முடியவில்லை. இப்போது கேபிள் வாங்கும்போது என் மடிக்கணினியையும் பழைய மைக்ரோ யூஎஸ்பி தொலைபேசி ஒன்றையும் எடுத்துச்சென்று, தொலைபேசியிலுள்ள படங்கள் கணினியில் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே காசு கொடுக்கிறேன். பலகை வேலைசெய்யவில்லை என்று யாராவது சொன்னால், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது, விண்டோஸ் 7. ட்ரைவில் கோப்பைப் போடும் படிமுறை அந்தப் பழைய கணினியிலும் தடையின்றி நடக்கிறது. ஆனால் மைக்ரோபைத்தன் ஏறிய பிறகு பலகை, கணினியும் அதுவும் பேசிக்கொள்ளும் வழியான தொடர் இணைப்புத் துறையாகத் தோன்றவேண்டும். விண்டோஸ் 10 அதற்குரிய ட்ரைவரைத் தானே எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் 7 எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே பழைய கணினியை நிலைப்பொருள் ஏற்றுவதற்கு மட்டும் ஒதுக்கி, நிரல் எழுதும் வேலையைத் தொனி (Thonny) என்னும் பைத்தன் மென்பொருளில் மற்ற இரண்டு கணினிகளிலும் செய்கிறோம்.

மூன்றாவதில் நான் ஒரு முழுச் சனிக்கிழமையை இழந்தேன். கம்பியில்லா இணைப்புள்ள பிக்கோ டபிள்யூ 2022 ஜூன் மாதம் வெளிவந்தது. அதிலும் ஆர்பி2040 சிப்பே இருப்பதால், சாதாரண பிக்கோவுக்குரிய யூஎஃப்2 கோப்பை அதில் போட்டாலும் அது மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். சிப்புக் குடும்ப எண் இரண்டுக்கும் ஒன்றே. நிரலும் இயங்கும். ஆனால் பலகையிலுள்ள விளக்கு எரியாது, வைஃபையும் இருக்காது. சாதாரண பிக்கோவில் விளக்கு சிப்பின் ஜிபிஐஓ 25 என்னும் இணைப்பில் நேரடியாக இணைந்திருக்கிறது. டபிள்யூவில் அது கம்பியில்லாச் சில்லின் வழியாக இயக்கப்படுகிறது. விளக்கை மினுக்கும் முதற்பாடமே நடக்காதபோது பிள்ளைகள் தங்கள் நிரலில் பிழையிருப்பதாக நினைத்து வரிவரியாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். இப்போது கோப்புகளை இரண்டு தனிக் கோப்புறைகளில் வைத்து, டபிள்யூ பலகைகளின் கீழே சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கிறோம்.

மைக்ரோபைத்தனில் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். நிலைப்பொருளைப் புதிதாக ஏற்றினாலும், பயனர் சேமித்த கோப்புகள் ஃபிளாஷின் வேறு பகுதியில் இருப்பதால் அழிவதில்லை. தொடக்கத்திலேயே ஓடும் மெயின் கோப்பில் ஒரு மாணவி முடிவில்லாச் சுற்றொன்றை எழுதி, கணினியால் அதை இடைமறிக்க முடியாதபடி சிக்கவைத்துவிட்டாள். நிலைப்பொருளை இருமுறை மாற்றி ஏற்றியும் அதே நிலையே தொடர்ந்தது. ராஸ்பெரி பை தளத்தில் கிடைக்கும், ஃபிளாஷ் முழுவதையும் வெறுமையாக்கும் ஃபிளாஷ் நியூக் என்னும் யூஎஃப்2 கோப்பை ஒருமுறை ஏற்றி, பின்னர் மைக்ரோபைத்தனை ஏற்றியதும் சரியாயிற்று. இணையம் கிடைக்கும் ஒரு நாளில் இந்தக் கோப்பையும் தரவிறக்கி ஒரு பென் ட்ரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவமைப்பில் எனக்குள்ள மனக்குறை, இப்பலகையில் மீளமைப்புப் பொத்தான் இல்லாதது. ஒவ்வொரு முறையும் கேபிளைக் கழற்றிச் செருகவேண்டியிருப்பதால் மைக்ரோ யூஎஸ்பித் துளை தேயும். பன்னிரண்டு பிள்ளைகளின் கைகளில் அது விரைவாகவே தேயும். ஆர்டுயினோ ஐடிஇ என்னும் நிரல் எழுதும் மென்பொருளிலிருந்து ஏற்றுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு; முதல் முறைக்குப் பிறகு, கணினி 1200 பாட் வேகத்தில் தொடர் இணைப்பைத் திறந்து மூடுவதே பலகையை ட்ரைவ் நிலைக்கு அனுப்பும் சைகையாகிவிடுகிறது. மற்றவர்களுக்கு மலிவான வழி ஒன்று உண்டு. 30-ஆவது ஊசியாகிய ரன் ஊசிக்கும், 28-ஆவது ஊசியாகிய மின் நிலத்துக்கும் (கிரவுண்ட்) இடையே ஒரு சிறு அழுத்துபொத்தானை வைத்தால் போதும். பூட்செல்லைப் பிடித்துக்கொண்டு அதை ஒருமுறை தட்டிவிட்டால் ட்ரைவ் தோன்றும். கேபிளைத் தொடவே வேண்டியதில்லை. பொத்தான் சில ரூபாதான். எங்கள் ஐந்து பலகைகளிலும் இதைச் செய்த பிறகு துளைகளைப் பற்றிய கவலை தீர்ந்தது.

ஊசிப் பெயர்கள் பலகையின் அடிப்பக்கத்தில் அச்சிடப்பட்டிருப்பதால் பிரெட்போர்டில் (பற்றாசு வைக்காமல் சுற்றுகளை இணைக்கும் துளைப்பலகையில்) வைத்ததும் மறைந்துவிடுகின்றன. தாளில் எழுதி ஒட்டிக்கொண்டோம். ஊசிகள் பொருத்தப்படாமல் வரும் பலகையில் நாற்பது இடங்களில் பற்றாசு வைக்கவேண்டும், ஆகவே தொடங்குபவர்கள் ஊசி பொருத்தி விற்கப்படும் பிக்கோ எச் வகையை வாங்குவதே நல்லது. ஊசிகள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. பழைய ஆர்டுயினோ பெட்டியிலுள்ள 5 வோல்ட் உணரிகளை நேரடியாக இணைத்துவிடாதீர்கள். மழைமாதங்களில் எங்கள் வாசிகசாலைக்குள்ளேயே மூடுபனி வந்துவிடும் என்பதால், பலகைகளைச் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் மூடியிறுகிய சாப்பாட்டுப் பெட்டியில் வைக்கிறோம்.

2024 ஓகஸ்டில் வந்த பிக்கோ 2 பலகை, ஆர்பி2350 சிப்பும் 4 மெகாபைட் ஃபிளாஷும் கொண்டு 5 டொலர் விலையில் வெளியானது. ஏற்றும் முறை அதேதான், ட்ரைவின் பெயர் மட்டும் ஆர்பி2350 என்று தோன்றும். இதன் சிப்புக் குடும்ப எண் வேறு என்பதால் பழைய பிக்கோவின் கோப்புகள் இதில் இயங்கா. இரண்டையும் ஒரே வகுப்பில் கலந்து வைத்திருக்க நான் விரும்பவில்லை.

இந்த ஓராண்டில் பிள்ளைகள் செய்தவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானது, தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலைசெய்பவரின் மகள் செய்த கருவி. அங்கே உலர்ந்த வெப்பமானியும் நனைந்த துணி சுற்றிய வெப்பமானியும் அருகருகே தொங்கும். இரண்டும் காட்டும் அளவுகளின் வேறுபாட்டைக் கொண்டே காற்றின் ஈரத்தை அறிவார்கள். அவள் டிஎஸ்18பி20 வெப்பநிலை உணரிகள் இரண்டை ஒரே கம்பியில் இணைத்து, ஒன்றுக்கு ஈரத்திரி சுற்றி, வேறுபாட்டைத் திரையில் காட்டினாள். தகப்பனார் பார்த்துவிட்டு, எண்கள் அடிக்கடி மாறிக்கொண்டிருந்தால் வாசிக்க முடியவில்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறினால் போதும் என்றாராம். மறுவாரம் வந்து நிரலைத் திருத்தினாள். பிறகும் திருத்தினாள். எத்தனை முறை ஏற்றியிருப்பாள் என்று நான் எண்ணவில்லை, அவளும் எண்ணவில்லை.

வரும் தவணைக்கு இன்னும் நான்கு பிக்கோ எச் பலகைகளும், கடையிலேயே சோதித்தெடுத்த எட்டுக் கேபிள்களும், ஒரு பை அழுத்துபொத்தான்களும் வாங்கத் தீர்மானித்திருக்கிறேன்.